அம்மா கோபம் என்றொரு ரோஜா

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் என்றால் இரண்டே பேர். அதில் ஒருவன் இப்போது இல்லை. இன்னொருவர் என் வீட்டுக்காரர், தெருவுக்கெல்லாம் மின்விசிறி ரிப்பேர் செய்து கொடுத்தவர், என் கோபத்தைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தே முடி நரைத்தவள் நான். பஸ் கிளம்புகிற நேரத்துக்கு வந்து நின்றுகொண்டு எங்கே போவது என்று யோசிக்கிறவர்களிடம் சிரித்துப் பேசிக் காட்டுங்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லலாம்.

அந்தக் கோபத்தின் பெயரில் ஒரு ரோஜா இருந்தது. பெயர் வைத்தவன் என் மகன்.

அவன் ஒரு செடிப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிற வேலை பார்த்தான். நல்ல ரோஜாவிலிருந்து ஒரே ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, காட்டு ரோஜாவின் தண்டில் கீறிய இடத்தில் செருகி, நாடாவால் சுற்றிக் கட்டுவான். வேர் காட்டுச்செடியுடையது, பூ நல்ல ரோஜாவுடையது. ஒருநாள் பண்ணையில் சிவப்பு ரோஜாச் செடி ஒன்றில் ஒரு கிளை மட்டும் வேறு மாதிரிப் பூத்திருந்ததாம். எப்போதாவது ஒரு கிளை அப்படித் தன்னிஷ்டத்துக்குக் குணம் மாறிவிடுமாம். உள்ளே தேன் நிறம், இதழ் ஓரத்தில் மட்டும் சிவப்பு. அதிலிருந்து அவன் கட்டிய ஒட்டுகளில் இரண்டுதான் பிழைத்தன. தாய்க்கிளையைப் பண்ணைக்காரர் அடுத்த கவாத்தில் வெட்டித் தள்ளிவிட்டார்.

"உலகத்திலயே இது ரெண்டுதாம்மா இருக்கு," என்று இரண்டையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். "பேர் என்ன தெரியுமா? அம்மா கோபம்."

"உதை வேணுமாடா உனக்கு?"

"பூக்கட்டும், பாரு. ஓரந்தான் சிவப்பு. உள்ள பூரா தேன்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்த்தான் சிரித்தேன். இல்லையென்றால் இரண்டு பேரும் தலைமேல் ஏறிக்கொள்வார்கள்.

ஒன்றைக் கொல்லைத் தரையில் வைத்தான், இன்னொன்றைத் தொட்டியில். வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் எடுத்தான். "கட்டு இருக்கிற இடத்துக்கு மேலதான் நம்ம ரோஜா. கீழ இருக்கிறது காட்டுச்செடி. அங்கேருந்து கொழுகொழுன்னு ஒரு துளிர் வரும், பார்த்து மயங்கிடாதீங்க. ஒரு காம்புல எத்தனை குட்டி இலை இருக்குன்னு எண்ணுங்க. அஞ்சுன்னா நம்ம பிள்ளை. ஏழுன்னா காடு. தயவுதாட்சண்யம் பார்க்காம பிச்சுப் போட்டுடணும். விட்டா மேல இருக்கிறதைச் சாகடிச்சிட்டு அது மட்டும் நிக்கும்."

இவர் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஃபேன் மோட்டாருக்கு வயர் சுற்றுகிறவருக்கு எண்ணுகிற வேலை என்றால் உயிர்.

அப்புறம் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தாள். பூ வந்தால் கொல்லைக்கு ஓடிவந்து முகர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். செடியைத் தொட நான் விட்டதில்லை. காய்ச்சல் என்று ஒருநாள் மகன் வேலையிலிருந்து பாதியில் வந்து படுத்தான். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தபோது நாங்கள் மூன்று பேர்தான். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

கொஞ்ச காலம் கழித்து மருமகள் தன் அப்பா வீட்டுக்குப் போனாள். ஒரு பெட்டி, ஒரு பை, அப்புறம் அந்தத் தொட்டி. "தொட்டியை வெச்சிட்டுப் போ," என்றேன் வாசலில் நின்று. வண்டியில் ஏறித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கு இன்னொரு கல்யாணம் ஆன செய்தி வந்தது. "நல்லதுதானே," என்றார் இவர். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு மகன் போன இடம் பள்ளமாகவே கிடக்கிறது, அவள் மட்டும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டாளே என்று ஆத்திரம்.

எனக்குக் கொல்லைச் செடி இருந்தது. அது போதும் என்றிருந்தேன்.

இந்த வருஷம் வானத்துக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குளிர்காலம் என்று ஒன்று வரவே இல்லை, போர்வை அலமாரியிலேயே கிடந்தது. வெயில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது. செடி ஏமாந்துபோய் அவசர அவசரமாகத் துளிர்விட்டது. துளிர் வந்ததோ இல்லையோ, அசுவினி வந்து அப்பிக்கொண்டது. பச்சைப் பேன் மாதிரி கூட்டங்கூட்டமாக, தண்டே தெரியாத அளவுக்கு. மற்ற வருஷங்களில் பொறிவண்டுகள் வந்து அவற்றைத் தின்று தீர்த்துவிடும். இந்த வருஷம் பூச்சி முந்திக்கொண்டது, வண்டு வந்து சேரவில்லை. நான் தினமும் காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன்.

"யாரை இப்படித் திட்டறே?" என்று உள்ளேயிருந்து இவர் கேட்பார்.

"உங்களை இல்ல. உங்க முறை அப்புறம்."

அப்போது ஒரே ஒரு மொட்டு வந்தது. அதற்குள் இலைப்பேன் புகுந்து, இதழ் ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாகி, பாதி விரிந்து அப்படியே நின்றுவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு பூவா," என்று கிள்ளித் தூர எறிந்தேன்.

அடுத்து, கோடை நடுவில் மழை கொட்டியது. நாள் கணக்கில் விடாத மழை. இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிர்ந்தது. மழை நின்ற மறுநாளே அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி அனல். ராத்திரியிலும் சுவர் சுட்டது. மிச்சமிருந்த நாலு இலையின் அடியில் செம்பேன் வலை பின்னியது. கண்ணுக்குத் தெரியாத சிவப்புத் தூசி மாதிரி இருக்கும், தொட்டால் நகரும். இலை வெளிறி, காகிதமாகி, கையில் பொடிந்தது. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், ஈரத்துணிப் பந்தல் எல்லாம் செய்து பார்த்தேன். இவர் ஒரு பழைய ஃபேனைக் கொண்டுவந்து செடிக்குப் பக்கத்தில் மாட்டினார். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "செடிக்குமா ஃபேன்?" என்றாள். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தது. கறுத்ததை வெட்டிவிட வேண்டும், வெட்டின இடத்தில் உள்ளே வெள்ளை தெரிகிறவரை வெட்ட வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். கத்தரியை எடுத்தேன். வெட்டினேன், உள்ளே பழுப்பு. இன்னும் கொஞ்சம் கீழே வெட்டினேன், பழுப்பு. வெட்டிக்கொண்டே போனேன். அவன் நாடா கட்டின தழும்பு வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் வெட்ட என்ன இருக்கிறது? அங்கேயும் பழுப்புதான்.

கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தழும்புக்குக் கீழேயிருந்து தளதளவென்று ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. எண்ணினேன். ஏழு. எனக்கு வந்த வெறியில் வேரோடு பிடுங்கிச் சுவர் மேல் அடித்தேன். என் பிள்ளையை முழுங்கிவிட்டு நீ மட்டும் சிரிக்கிறாயா என்று கத்தினேன். இவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கில்ல," என்றார்.

"எங்க இருக்கு?"

"அவகிட்ட. தொட்டி."

"அவ எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

இவர் சட்டைப் பையைத் தடவினார், கூரையைப் பார்த்தார். திருட்டு முழி என்றால் அதுதான். "எனக்குத் தெரியும். அப்பப்போ போன் பண்ணுவா. உன்னை விசாரிப்பா."

வேறு நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்று எனக்கு ஒரு கிளை வேண்டும். அதில் ஒரு மொட்டுக்கணு போதும், மகனோடு வேலை பார்த்தவன் இன்னும் பண்ணையில் இருக்கிறான், கட்டிக் கொடுத்துவிடுவான். அந்த ஒரு நினைப்புதான் இருந்தது. விலாசத்தை வாங்கிக்கொண்டு தனியாகவே கிளம்பினேன்.

பஸ் நிலையத்தில் என் பழைய கவுண்டரில் யாரோ சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. "சீக்கிரம் சொல்லுங்கம்மா," என்று எரிந்து விழுந்தாள். சரியாகத்தான் விழுந்தாள்.

அவள் வீடு ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தது. குறுகலான நடை, கதவுக்கு வெளியே செருப்புகள், ஒரு சைக்கிள். பஸ்ஸில் வரும்போதே வசனத்தை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தொட்டிச் செடியில ஒரு கிளை வேணும், வேற ஒண்ணும் வேண்டாம். அவ்வளவுதான், உட்காரக்கூடக் கூடாது.

கதவைத் திறந்தவளுக்கு நிறைமாதம். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை," என்றாள்.

வேறொரு வீட்டில் வேறொருத்தியை அத்தை என்று கூப்பிடுகிறவள். எனக்கு வசனம் மறந்துவிட்டது.

"செடி," என்றேன். "அங்க இருந்தது போயிடுச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இங்க இருக்கு அத்தை. நல்லா இருக்கு. வாங்க, வாங்க, வந்து பாருங்க." அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்த வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"மெதுவா போடி, விழுந்து வைக்காதே," என்று என்னையறியாமல் அதட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். திட்டு வாங்கியதில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

பால்கனி மூலையில் எங்கள் தொட்டி. அதே உடைந்த விளிம்பு. அதற்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைக் கிழித்து நிழலுக்குக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே செடி நெஞ்சு உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயோ, இருக்கிறது, இருக்கிறது என்று கிட்டப் போனேன்.

கிட்டப் போனதும் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை. திருப்பிப் பார்த்தேன், அடியில் வலை இல்லை, தூசி இல்லை. இந்த வருஷம் ஊரில் எந்த ரோஜா இப்படி இருந்தது? என் விரல் தானாகவே எண்ண ஆரம்பித்தது. ஏழு. பக்கத்துக் காம்பு, ஏழு. வேறு கிளை, ஏழு. குனிந்து இலைகளை விலக்கி அடியைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த கட்டை, அதில் நைந்துபோன நாடா. என் மகன் கட்டினது. அதற்குக் கீழேயிருந்துதான் இந்தப் பச்சை அத்தனையும் கிளம்பியிருந்தது.

"வெயில் ஆரம்பிச்சப்ப பழைய தண்டு பூரா கருகிப் போச்சு அத்தை," என்று அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் அழுத அழுகைக்கு அளவே இல்ல. அவர்தான், வேர் உயிரோட இருக்கும் பொறுன்னு சொன்னார். தினம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தொட்டியை நிழலுக்கு நகர்த்தி வெச்சிட்டுத்தான் போவார். பார்த்தா, கீழேருந்து முளைச்சு வந்துட்டான்! ஒரு பூச்சி கிட்ட வரல. இன்னும் மொட்டுதான் வைக்கல. வைப்பான், இல்ல?"

எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவன் எங்களுக்குப் பாடம் எடுத்தபோது அவள் எங்கள் வீட்டுக்கே வந்திருக்கவில்லை. வந்த பிறகு செடியில் கை வைக்க நான் விட்டதில்லை.

இது அவன் இல்லடி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிற வாய் என் வாய், ஆயுள் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள் என்றா நினைத்தேன்? அப்பா வீட்டிலிருந்து இந்த வீடு வரைக்கும் இந்தத் தொட்டியைச் சுமந்து, புதுப் புருஷனையும் சுமக்க வைத்து, கிழிந்த சட்டையில் குடை பிடித்து, இத்தனை நாளும் ஒரு காட்டுச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். சொன்னால் இந்தப் பால்கனியில் இப்போதே அவன் இன்னொரு தடவை சாவான். நிறைமாதக்காரிக்கு அதை நான் எப்படிச் செய்வேன்?

உலகத்தில் இரண்டுதான் இருந்தது. இரண்டும் போய்விட்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெட்கம் மானம் பார்க்காமல், அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அழுத மாதிரி அழுதேன்.

அவள் கஷ்டப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். அவளும் அழுதாள். "அழாதீங்க அத்தை. அதான் பிழைச்சிட்டானே."

"ஆமா," என்றேன். "பிழைச்சிட்டான்."

அவள் கத்தரி எடுத்துவந்து, இருக்கிறதிலேயே நல்ல கிளையாகப் பார்த்து வெட்டினாள். ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு, பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தாள். "அங்க வந்தா கண்டிப்பா பூப்பான். இங்க யாரும் திட்ட ஆளில்ல, அதான் சோம்பேறியா நிக்கிறான். நீங்க நாலு திட்டு திட்டுங்க."

கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றாள். "தொட்டி உங்களுது அத்தை. அன்னைக்கு நான் கேட்காமலே எடுத்துட்டு வந்துட்டேன். வேணும்னா அவரைக் கொண்டுவந்து தரச் சொல்றேன்."

"தொட்டி உன்னுதுதான்," என்றேன். "வெயில்ல நிக்காதே, உள்ள போ."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் காற்று கொதித்தது. மடியில் கவர். நான் திட்டிக் கிள்ளி எறிந்தேனே, இலைப்பேன் தின்ற அந்த ஒற்றைப் பூ, அதுதான் கடைசி என்பது அப்போதுதான் உறைத்தது. இனி உலகத்தில் யாரும் அந்த நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். கவரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துவிடலாமா என்று நினைத்தேன். எறியவில்லை. கொல்லையில், பழைய குழியிலேயே ஊன்றினேன்.

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவரும் பஸ் களைப்பு என்று நினைத்துக்கொண்டார் போல, வாயைக் கிளறவில்லை. கிளை பிடித்துக்கொண்டது. காட்டுச்செடிக்கு என்ன கேடு, எங்கே ஊன்றினாலும் பிடிக்கும். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தவள் குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "துளிர் வந்துச்சா அத்தை?" என்றாள்.

"வந்துச்சு."

"மொட்டு?"

"வைக்கும்மா. அவசரப்படாதே. பிள்ளையைத் தூக்கிட்டு வா, அதுக்குள்ள வைக்கும்."

என்றாவது அவள் தொட்டியில் காட்டு ரோஜா சின்னச் சின்ன வெள்ளைப் பூவாகக் கொத்துக்கொத்தாக வரும். அன்றைக்குத் தெரிந்துகொள்வாள். அதற்குள் அந்தக் குழந்தை நடக்கப் பழகி, அவள் கை நிறைய வேலை வைத்திருக்கட்டும்.

நான் போனை வைத்ததும் இவர் சந்தோஷமாகக் கொல்லைக்குப் போனார். துளிரைப் பார்த்து, "அட, அம்மா கோபம்!" என்று கூப்பிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து ஒரு காம்பைப் பிடித்தார். உதடு அசைந்தது. நான் துணி உலர்த்துகிற கொடிப் பக்கம் திரும்பி நின்றேன். ஒரு காம்பை எண்ண அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார்.

"ஏழு," என்றார்.

"தெரியும்."

"அவகிட்ட இருக்கிறது?"

"அதுவும்தான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போன்ல ஏதாவது உளறினீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. பிச்சுப் போடணும்னு சொன்னானே என்று ஒரு தடவை முனகினார். நான் குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தேன்.

"ஊத்துங்க. வெயில்ல காஞ்சிடப் போவுது."

எழுந்து வந்து ஊற்றினார். பாதித் தண்ணீர் குழிக்கு வெளியே போனது. நான் திட்டவில்லை.